சொல்லிக்கொண்டு கிளம்பிய வீடு

கராமா, துபாய்
நவம்பர் 27

அன்புள்ள ஜுலைஹாவுக்கு, படைத்தவன் கருணையால் உடம்புக்குக் குறையில்லாமல் உன் மச்சான் எழுதுவது.

நம் மகன் சாகிர் இந்த மாதம் ஆறாம் தேதி சைப்ரஸ் தீவில் நாற்பது நிமிடம் காணாமல் போனான். பிறகு தானாகவே நடந்து வந்துவிட்டான். காயமில்லை, காய்ச்சலில்லை, இப்போது நன்றாகச் சாப்பிடுகிறான். இதை முதலில் சொல்லிவிட்டேன். மீதியைப் பதறாமல் படி.

போனில் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நீ போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அடுப்படியில் நிற்பாய். ஒரு பக்கம் மகள் ஃபஸ்னா, இன்னொரு பக்கம் அவள் மாமியார். நான் அனுப்பும் வாய்ஸ் மெசேஜ் அஸர் தொழுகைக்குள் கீழக்கரையில் பாதிப் பேர் காதுக்குப் போய்விடும். அதனால்தான் லீவில் வரும் கார்மேகத்தின் கையில் கொடுத்தனுப்புகிறேன். நம் கடையில் பன்னிரண்டு வருஷமாக இருப்பவன், உறையைப் பிரிக்க மாட்டான். அவனுக்குச் சோறு போட்டு அனுப்பு. படித்ததும் கிழித்துவிடு.

இந்தப் பூ யாவாரம் எப்படி வந்தது என்று உனக்குப் பாதிதான் தெரியும். விசா, டிக்கெட் என்று எல்லாக் கடையும் செய்வதையே செய்து கொண்டிருந்தால் கடை நிலைக்காது என்று நான் புதிதாக ஒன்று தேடினேன். அந்தத் தீவில் கோடை முழுக்க மண் வெடித்துக் கிடக்கும். அக்டோபர் கடைசியில் முதல் மழை விழுந்ததும் காட்டுப் பூக்கள் வரும். அதைப் பார்க்க வெள்ளைக்காரர்கள் கூட்டமாக நடக்கிறார்கள். இங்கிருந்து நாலு மணி நேரம்தான் விமானம். துபாயில் இருக்கும் டாக்டர்களையும் டீச்சர்களையும் ஐந்து நாள் கூட்டிப் போனால் என்ன என்று தோன்றியது. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் முதல் குரூப்போடு நானே போனேன்.

போய்ப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வந்தது. படித்த மனிதர்கள் பத்துப் பேர் முட்டிபோட்டு, கன்னம் தரையில் பட, விரல் நகம் அளவு பூவைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறார்கள். காதைப் பின்னால் மடக்கிய முயல்குட்டி மாதிரி ஒரு ரோஸ் பூ பாறை இடுக்கில் நிற்கிறது. அதற்கு ஒரு மணி நேரம். எதிலுமே இலை கிடையாது, வெறும் மண்ணிலிருந்து தண்டு மட்டும் வந்து நிற்கும். இலை எங்கே என்று வழிகாட்டிப் பெண்ணிடம் கேட்டேன். பூ உதிர்ந்து போன பிறகுதான் இலை வருமாம், கிழங்கு ஒன்றுதானாம், ஆனால் இரண்டும் ஒன்றையொன்று பார்ப்பதே இல்லையாம். நம் வீடு மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். அவளிடம் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் ஆள் இல்லாத ஒரு ஊர் வழியாகப் போனோம். நம்மவர்கள் இருந்த ஊர், துருக்கி பேசுகிறவர்கள். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் நடந்த சண்டையில் ஒரே நாளில் கிளம்பி வடக்கே போய்விட்டார்களாம். சின்னதாக ஒரு பள்ளிவாசல், பக்கத்தில் அடக்கம் செய்கிற மையவாடி. நம் வழக்கப்படி அங்கே அடங்கியிருக்கும் கபுறாளிகளுக்கு சலாம் சொன்னேன். அத்தனை வருஷமாக அங்கே யாரும் சலாம் சொல்லியிருக்க மாட்டார்கள் என்பது அப்போது என் புத்திக்கு எட்டவில்லை.

என் முழங்காலைத்தான் உனக்குத் தெரியுமே. நீங்கள் ஒரு சுற்றுப் போய் வாருங்கள், நான் இங்கே உட்காருகிறேன் என்று பின்தங்கிவிட்டேன். நல்ல வெயில், பகல் பதினோரு மணி. ஒரு வீட்டு முற்றத்தில் முக்காடு போட்ட வயசான பொம்பளை ஒருத்தி நின்று கையைக் காட்டிக் கூப்பிட்டாள். போனேன். நாற்காலி போட்டாள். பாகில் ஊறின முழு வாதுமைக்காய் ஒன்றை ஒரு கரண்டியில் வைத்து நீட்டினாள், கூடவே ஒரு கிளாஸ் தண்ணீர். சர்க்கரை உள்ள மனுஷன் அதைத் தின்னலாமா என்று நீ கத்துவாய். தின்றுவிட்டேன். எனக்கு அவள் பாஷை தெரியாது, சலாம் மட்டும்தான் பொது. எழுந்திருக்கும்போது பெரிய வெங்காயம் மாதிரி ஒரு காட்டுக் கிழங்கை என் கையில் வைத்தாள். வாங்கிக்கொண்டு வழக்கம்போல, “போயிட்டு வாரேன்மா” என்றேன்.

முப்பத்தோரு வருஷமாக லீவு முடிந்து கிளம்பும்போது நான் சொல்லிப் பழகின வார்த்தை அது. நினைத்துச் சொன்னதில்லை.

நம்மூர் அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கின பாத்திரத்தைக் கொடுத்துவிட்டு வருவது போலத்தான் சாதாரணமாக வந்தேன். குரூப்பிடம் சொன்னபோது வழிகாட்டிப் பெண் என் முகத்தைப் பார்த்தாள். இந்த ஊரில் யாரும் இல்லை என்றாள். வடக்கிலிருந்து சில பேர் பழைய வீட்டைப் பார்க்க வருவார்கள், அதில் யாராவது இருக்கும் என்று அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள். நானும் அதையே வைத்துக்கொண்டேன்.

கிழங்கைக் கடையில் ஃபைல் அலமாரி மேல் போட்டிருந்தேன். மண்ணும் இல்லை, தண்ணீரும் இல்லை. போன வருஷம் அக்டோபரில் அதிலிருந்து முழங்கை நீளத்துக்குத் தண்டு வந்து வெள்ளைப் பூ பூத்தது. அந்த ஜாதிக் கிழங்கு அப்படிப் பூக்கும், அதிசயமில்லை என்று விசாரித்தபோது சொன்னார்கள். சரி என்று விட்டேன். ஆனால் கடையின் வெளிச்சமெல்லாம் கண்ணாடிக் கதவுப் பக்கமிருந்து வர, தண்டு மட்டும் உள்பக்கம், என் நாற்காலியைப் பார்த்து வளைந்திருந்தது. கிழங்கைத் திருப்பி வைத்தேன். நாலு நாளில் மறுபடி என் பக்கம்.

போன வருஷ குரூப்புகளைக் கார்மேகம்தான் கூட்டிப் போனான். திரும்பி வந்து என்னிடம் தனியாகச் சொன்னான். அந்த ஊரில் ஒரு வாசலில் பாதையைப் பார்த்து நாற்காலி போட்டிருக்கிறது, பக்கத்தில் தட்டு மூடின கிளாஸில் தண்ணீர், தண்ணீர் அன்றைக்கு ஊற்றினது மாதிரி சுத்தம் என்றான். அடுத்த வாரம் போனாலும் அப்படியே. நான் நடந்ததைச் சொன்னேன். அவன் கணக்கு நோட்டை மூடி வைத்தான். பிறகு, “எழவு வீட்ல யாராச்சும் சொல்லிக்கிட்டுக் கெளம்புவாங்களா மொதலாளி?” என்றான். நான் அவனை வைதேன். எழவு வீடு என்று எனக்கு யார் சொன்னார்கள்?

அந்தக் கிழங்கு என்னவென்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அது அச்சாரம். கை நீட்டி வாங்கினவன் நான். ஆனாலும் போகவில்லை. பயம்தான், வேறென்ன.

இந்த வருஷம் முதல் குரூப்போடு சாகிர் போகிறேன் என்றபோது தடுத்திருக்க வேண்டும். என்ன காரணம் சொல்லித் தடுப்பது? அந்த ஊர்ப் பக்கம் நிற்காதே என்று மட்டும் சொன்னேன். எண்ணிப் பார்த்தபோது ஆள் குறைகிறது என்று வழிகாட்டிப் பெண் எனக்குப் போன் போட்ட நேரம் பகல் பதினொன்று பத்து. அடுத்த நாற்பது நிமிடம் நான் கடை வாசலில் நின்றேனா உட்கார்ந்தேனா என்று தெரியாது.

வந்ததும் அவனே சிரித்துக்கொண்டுதான் சொன்னான். “ஒரு கெழவி வாப்பா. ஒங்க வாப்பா சொல்லிட்டுப் போனாரே, இன்னும் காணமேன்னு கேட்டா. எந்தப் பாஷையில கேட்டான்னுதான் தெரியல. அவரு வராட்டி நீ இரேன்னா.” அஞ்சு நிமிஷம்தான் இருந்தேன் என்று சாதித்தான். கிளம்பினால் பாதை மூன்று தடவை அதே வாசலில் கொண்டுவந்து விட்டதாம். கடைசியில் வாப்பாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்கிற மாதிரி ஏதோ சொன்னானாம், விட்டாளாம்.

அதற்குப் பிறகு நம் பிள்ளை நம் பிள்ளையாக இல்லை, ஜுலைஹா. கடையில் தன் நாற்காலியை வாசலைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டான். பூவென்றால் பிரியாணியில் போடும் குங்குமப்பூ மட்டும் தெரிந்த பயல், பூ சீஸன் முடியப் போகிறது வாப்பா, முடியுமுன் போக வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னான். டிசம்பர் வரை எல்லா வாரத்துக்கும் தன் பேரில் டிக்கெட் போட்டிருந்தான். திரும்பி வரும் டிக்கெட் ஒன்றுகூடப் போடவில்லை. டிக்கெட் யாவாரம் செய்கிறவன் மகன், மறந்து போட்டிருப்பான் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

மார்க்கம் தெரிந்தவர்கள் இதற்கு என்ன பேர் வைப்பார்களோ தெரியாது. ஓதச் சொன்னார்கள், ஓதினேன். எனக்குத் தெரிந்த தொழில் பேரம் பேசுவது. பதினெட்டாம் தேதி அவனைக் கடையில் உட்கார வைத்துவிட்டு நான் போனேன்.

நாற்காலி கார்மேகம் சொன்னது போலவே கிடந்தது. அது போட்டிருந்த விதம் எனக்குத் தெரிந்த விதம். தெரு முனையிலிருந்து ஆள் திரும்பினால் முதலில் கண்ணில் படுகிற மாதிரி. நான் லீவுக்கு வரும் நாளில் நீ போடுவாயே, அது மாதிரி. பதினாலு கபுறுக்கும் சலாம் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன். தட்டை எடுத்து வைத்துத் தண்ணீரைக் குடித்தேன். கிளாஸைக் கீழே வைத்து நிமிர்ந்தபோது அவள் எதிரே உட்கார்ந்திருந்தாள்.

என் வாப்பா ரத்தினக் கல் யாவாரம் செய்த காலத்தில் விலையை வாயால் பேச மாட்டார். கை மேல் துண்டைப் போட்டு உள்ளே விரலைப் பிடிப்பார். ஒரு விரல் பிடித்தால் ஒன்று, மொத்தமாகப் பிடித்தால் அஞ்சு, ரெண்டு தரம் அழுத்தினால் பத்து. வாய்ப் பேச்சில் பின்வாங்கினவன் உண்டு, துண்டுக்குள் ஒத்துக்கொண்டதிலிருந்து பின்வாங்கினவனை நான் பார்த்ததில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து அவள் முன்னால் விரித்தேன். தயங்காமல் கையைக் கொடுத்தாள். குளிர்ச்சியாக இல்லை. வெங்காயச் சருகைத் தொட்டது போல இருந்தது.

“எம் மவன் இல்ல. நான்” என்றேன். தலையை ஆட்டினாள். எத்தனை வருஷம் தவணை என்று கேட்டேன். மூன்று விரலைப் பிடித்தாள். நான் அவள் கையை மொத்தமாகப் பிடித்து நாலு தரம் அழுத்தினேன். சிரித்தாள். அப்போது வேறொரு கை துண்டுக்குள் என் மணிக்கட்டைப் பிடித்தது. அவளுடைய மற்ற கை மடியில் இருந்தது, நான் அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். அப்புறம் இன்னொன்று, முரட்டு ஆம்பிளைக் கை. அப்புறம் சின்னதாக ஒன்று, ஆறேழு வயசுப் பிள்ளையின் கை இருக்கும். என் சுண்டு விரலை மட்டும் பிடித்துக்கொண்டது. ஊர் மொத்தமும் பேரத்துக்கு வந்துவிட்டது. எழுந்து ஓடியிருந்தால் என் மகன் போச்சு. உட்கார்ந்து பேசினேன். முதலில் கிழவி இறங்கினாள், கடைசியாகத்தான் அந்தச் சின்னக் கை விட்டது. மூன்றில் தொடங்கினதை நான் கொண்டுவந்து நிறுத்தின இடம் என் வாப்பாகூட மெச்சுகிற இடம்.

அன்று மத்தியானமே சாகிர் போன் போட்டான். ஒரு விசா ஃபைல் எங்கே என்று கேட்டான். பிறகு, இந்த அழுகல் வெங்காயத்தை எதுக்கு வாப்பா வச்சிருக்கீங்க, தூக்கிப் போட்டுட்டேன் என்றான். வந்து பார்த்தால் நாற்காலி பழைய இடத்தில் இருக்கிறது, டிக்கெட்டெல்லாம் கேன்சல். கேட்டால் எந்தக் கிழவி என்கிறான். அவனுக்குப் பெண் பார்ப்பதை நிறுத்தாதே. அந்த ராமநாதபுரத்துப் பெண்ணையே பேசி முடி.

கடையை அவனிடமும் கார்மேகத்திடமும் விட்டுவிட்டு நோன்புக்கு முன்னால் நான் ஊருக்கு வந்துவிடுகிறேன். லீவுக்கு இல்லை, ஒரேயடியாக. வருஷத்துக்கு ஒரு மாதம் என்று நான் உன்னிடம் பேசின பேரம் இத்தனை காலம் நியாயமானது என்றுதான் நினைத்திருந்தேன். நீ ஒரு தரம்கூட விரலை உருவிக்கொண்டதில்லை. இனிமேல் வருஷத்தில் ஒரே ஒரு தரம், நாலு நாள்தான் நான் வீட்டில் இருக்க மாட்டேன், அப்போது எங்கே போகிறீர்கள் என்று பிள்ளைகள் முன்னால் கேட்காதே. எண்ணிக்கொண்டிருக்கவும் வேண்டாம். வாசலில் நீ போடும் அந்த நாற்காலியை மட்டும் உள்ளே எடுத்துப் போடு, என் பக்கத்தில் நீ உட்காரத் தேவைப்படும். அல்லாஹ் உன்னைக் கடைசிவரை நல்ல உடம்போடு வைத்திருக்கட்டும்.

முடிந்த பேச்சு இது: நவம்பரில் முதல் மழைக்குப் பிறகு ஒரு பகல், நான் மட்டும். எல்லாக் கபுறுக்கும் சலாம், ஒரு கரண்டி இனிப்பு, ஒரு கிளாஸ் தண்ணீர். சாகிரையும் அவன் பிள்ளைகளையும் அவர்கள் கூப்பிட மாட்டார்கள். ஒன்பது தரம் அந்த வாசலில் நின்று போயிட்டு வாரேன் என்று சொல்லிக்கொண்டு உன்னிடம் திரும்பிவிடுவேன். பத்தாந்தரம் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை, அங்கேயே உட்கார்ந்துகொள்ள வேண்டியது.

உன் மச்சான்,
செய்கு அலாவுதீன்