நம் கழனிக்குள் இருந்த எல்லைக் கல்

அன்புள்ள அம்மாவுக்கு,

கீர்த்தி எழுதுகிறேன். முதலில் ஒரு கெஞ்சல். இதை யாரிடமும் காட்டாதே, முக்கியமாக உன் அறையில் இருக்கும் சித்ரா அக்காவிடம். அவர் கண்ணில் பட்டால் உனக்கு முன்னால் அவரே நைனாவுக்குப் போன் செய்துவிடுவார். நான் போனில் சொல்லலாம் என்றால் நைனா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். அதனால்தான் நாளைக்கு, ஞாயிற்றுக்கிழமை, மஸ்கட்டுக்குத் திரும்பும் முனிரத்தினம் மாமாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நெல் மூட்டை அறையில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் கால் வீக்கம் வடிந்ததா? கறுப்பு ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது. அதில் ஒன்று உன் புடவையைத் தின்றுவிட்டது, எந்தப் புடவை என்று கேட்காதே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் புவியியல் மிஸ் பிரிஸ்கில்லாவைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன். நிலம் அளக்கக் கற்றுத்தர, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மைதானத்துச் சேற்றில் முதலில் இறங்குகிறவர் அவர்தான். பையன்கள் டேப்பைப் பிடித்து இழுத்தால், “இது என்ன கயிறு இழுக்கிற போட்டியா?” என்பார். ஒருநாள் பள்ளிக்கூடத்தின் நில வரைபடத்தை என் கையில் கொடுத்து, அதில் இருந்த ஒரு மூலைக் கல்லைத் தேடச் சொன்னார். அளந்துகொண்டே போய் முட்புதரை விலக்கினேன், கல் இருந்தது. காகிதத்தில் இருந்த புள்ளி என் காலில் இடித்தபோது வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன் அம்மா, நான் நில அளவைதான் படிக்கப் போகிறேன். சென்னையில் அந்தப் படிப்பு இருக்கிறது, என் மார்க்குக்குக் கிடைக்கும் என்று மிஸ் சொன்னார். வரும் வெள்ளிக்கிழமைக்குள் விருப்பத்தைப் பதிய வேண்டும்.

நைனாவிடமும் சொல்லி வைத்திருந்தேன். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, நான்தான் கெடுத்தேன். அறுப்பு முடிந்து காய்ந்து கிடந்த நம் கழனியையும் அதன் வரைபடத்தை வைத்து அளந்து பார்த்தேன். எல்லைக் கல் வரப்பில் இல்லை, நம் கழனிக்குள் மண்ணில் புதைந்து கிடந்தது. ஒவ்வொரு நடவுக்கும் அண்டை வெட்டும்போது நம் பக்கம் வரப்பைச் செதுக்கி, சேற்றைச் சுப்ரமணி பெரியப்பா பக்கம் அப்புவார்கள் அல்லவா, அப்படியே வரப்பு அவர் கழனிக்குள் நடந்து போயிருக்கிறது. நான் வீட்டுக்கு ஓடி வந்த நேரம் பார்த்து, பெரியப்பா மருந்தடிக்கும் மெஷின் கேட்டு வந்து நின்றிருந்தார். நான் அவரைக் கவனிக்காமல், “நைனா, கல்லு நம்ம கழனி உள்ள கீது” என்று கத்திவிட்டேன். பெரியப்பா, “இன்னா சின்னராசு, நான் சொன்னா சண்டைக்கு வருவ. இப்ப உன் வூட்டு சர்வேயரே சொல்லுது பாரு” என்று சிரித்தார்.

நைனா சிரிக்கவில்லை. பெரியப்பா போனதும், “எங்கப்பன் வுட்ட கழனிய அளக்க நீ யாருடி? அந்த டீச்சரம்மா சொல்ற படிப்பு இந்த வூட்டுக்கு வாணாம். காஞ்சிபுரத்துல பி.காம் சேரு, இல்லாட்டி வூட்லயே கெட” என்றார். அதற்குப் பிறகு என்னோடு பேச்சே இல்லை.

இன்று சாயங்காலம் பெரியப்பா மறுபடியும் வந்தார். சண்டைதான் என்று உள்ளே நின்று கேட்டேன். அவரோ, “வரப்பு எங்க ஓடிடப் போவுது, அப்புறம் பாத்துக்கலாம். அந்தப் பொண்ண பேஜார் பண்ணாத. பெத்தவன் பக்கம் தப்புன்னு சொன்னது, நாளைக்கு எவன் கழனிய அளந்தாலும் பொய் சொல்லாது” என்று சொல்லிவிட்டுப் போனார். நைனா சாப்பிடாமல் டார்ச்சை எடுத்துக்கொண்டு கழனிக்குப் போனார், இன்னும் வரவில்லை. கல்லைப் பிடுங்கி ஏரியில் போட்டுவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

அம்மா, நீ சொன்னால் அவர் கேட்பார். ஆனால் மிஸ்ஸின் பெயரை மட்டும் எடுக்காதே. நான் எழுதினேன் என்றும் சொல்லாதே. வெள்ளிக்கிழமைக்கு முன்னால் பேசிவிடு. வேளைக்குச் சாப்பிடு, மாத்திரையை

கதவைத் தட்டுகிறார்கள். நைனாதான். “கீர்த்தி, முயிச்சிக்கினுதான கீற? கல்ல பாத்துட்டுதான் வரேன். அந்தப் படிப்பு எத்தினி வருசம்?” என்று