பெரியவரைக் கடித்த கிழவி

வீட்டு மகாராணிக்கு,

நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலத்தை மறக்காமல் தடவு.

இங்கே ஒரு வேடிக்கை. நான் வேலை செய்யும் ஆய்வுக்கூடத்தில் ஒரு கிழட்டு எலி உண்டு. 'பெரியவர்' என்றுதான் கூப்பிடுவோம். இளமை திரும்பும் ஊசி போட்டதும் முடி முளைத்துத் துள்ளி ஓடினார். பழையபடி அவருடைய கிழவியின் கூண்டில் விட்டேன். அவள் முகர்ந்து பார்த்தாள், பிறகு காதைக் கடித்துக் குதறிவிட்டாள்.

"வாசனை மாறிடுச்சுங்க, யாரோன்னு நினைச்சிடுச்சு. பழைய படுக்கைத் துணியில புரட்டி விட்டிருக்கணும்" என்றார் டாக்டரம்மா.

பயப்படாதே. அந்த ஊசியை மனிதர்களுக்கும் போட்டுப் பார்க்கிறார்கள். உன்னோடு இன்னும் கொஞ்ச காலம் இருக்கலாமே என்று நானும் பேர் கொடுத்தேன். ஒன்றும் ஆகவில்லை. நரை கறுத்துவிட்டது, கண்ணாடி இல்லாமல் இதை எழுதுகிறேன். எங்கே போய் நிற்கும் என்று டாக்டரம்மாவுக்கும் தெரியவில்லை.

நேற்று வாசல் கேமரா என் முகத்தை ஏற்காமல் கதவைத் திறக்க மறுத்தது. தினமும் வணக்கம் சொல்லும் காவலாளி, "அப்பா வரலையா தம்பி?" என்றார். சிரித்துச் சமாளித்தேன்.

போன் கேமரா கெட்டுவிட்டது, அதனால்தான் கடிதம். உன் தலையணை உறை ஒன்றைத் துவைக்காமல் அனுப்பு. ஊருக்கு வரும்வரை அதில்தான் படுக்கப் போகிறேன்.

தபால் வண்டி ஹாரன் அடிக்கிறது.

இன்னமும் உன்
கிழவன்தான்