எஸ்தர் ரவிக்கையின் கை ஓரம்

பிப்ரவரி 3, திங்கள்

பனி. எட்டு மணிக்குத்தான் வெயில். சிப்காட் பக்கமிருந்து இரும்பு உருக்கும் வாடை.

மெஷினுக்கு எண்ணெய் விட்டேன். ஊசி மாற்றினேன். வேலை: மகள் எஸ்தருக்குக் கல்யாண ரவிக்கை. வியாழக்கிழமை காலை சர்ச்சில் கல்யாணம். அவளுக்கு வயது நாற்பத்திரண்டு. முதல் புருஷன் செத்து ஒன்பது வருஷம். மாப்பிள்ளை சாமுவேல், அவள் கம்பெனியிலேயே வேலை.

துணி, புடவையோடு மடித்து வந்த துண்டு. சந்தன நிறம். கெட்டுப்போனால் வேறு கிடையாது.

"கை முழங்கை வரிக்கும் வை நைனா. அது தெரியக் கூடாது."

அது என்றால் தழும்பு. இரண்டு வருஷம் முன்பு கம்பெனி மெஷினில் கை மாட்டியது. முழங்கைக்கு மேல் நாலு விரல் நீளம்.

கை நீளம் 10 அங்குலம். வெட்டினேன். பொல்லாத துணி. தொட்ட இடமெல்லாம் பிசிறு.

"கடத்தெருவுல பிசிறு நிக்க ஓவர்லாக் போட்டுத் தர்றாங்கோ, குடுத்துடு நைனா."

"உங்கம்மா ரவிக்கைக்கு ஓவர்லாக்கா போட்டேன்? சும்மா கெட."

டீக்கடையில் முதுகுக்குப் பின்னால் ஒருவன்: "கெழவன் பொண்ணுக்கு ரெண்டாங் கல்யாணமாம். இந்த வயசுல இன்னாத்துக்கு?" இன்னொருவன்: "உனுக்கு பிரியாணி வேணுமா, வேணாவா?"

டீ முழுசாகக் குடிக்கவில்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்

பனி குறைவு. முழங்கால் வலி.

பக்கத் தையல் முடிந்தது. வெளிப்புறம் ஒரு தையல், ஓரம் கத்தரித்து, திருப்பி உள்ளே இன்னொன்று. பிசிறு நடுவில் அடைபட்டுப் போகும்.

என் பெண்டாட்டி சலோமி ஞாபகம். பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வைத்திருந்த காலம். நான் மெஷின் மிதிப்பேன், அவள் முக்காலியில் உட்கார்ந்து கை ஓரம் தைப்பாள். நைலான் துணி வந்த புதிதில் ஓரத்தை மெழுகுவர்த்தியில் லேசாகக் காட்டுவோம். உருகி இறுகிவிடும், நூல் பிரியாது. காட்டும் முன் அவள் ஒரு நூலை உருவிக் கொளுத்தி முகர்வாள். "உருண்டுகினு நின்னா காட்டு. சாம்பலாச்சுன்னா நெருப்பாண்ட கொண்டாராத." வாழைப்பழம் தின்றுகொண்டே சொல்வாள். அந்த மூக்கு தப்பாது. இருவருக்கும் எழுத்துத் தெரியாது. ஒரு துணியைக்கூடப் பொசுக்கியதில்லை.

மத்தியானம் புடவை மேல் ஒட்டிய சீட்டைப் படித்தேன். பா லி யஸ் டர். என் அறுபது வயதில் எஸ்தர் சொல்லிக் கொடுத்த எழுத்து. கூட்டிப் படிக்க முடிந்ததில் எனக்கு ஒரு சந்தோஷம். இதுவும் நைலான் போல் உருகும் என்று மெழுகுவர்த்தி ஏற்றினேன். இடது கையின் ஓரத்தைக் காட்டினேன்.

உருகவில்லை. காகிதம் போல் பற்றிக்கொண்டது. உள்ளங்கையால் அடித்து அணைத்தேன். நாலு அங்குலம் போயிற்று.

அப்புறம்தான் நூல் உருவிக் கொளுத்தினேன். சாம்பல். சீட்டு புடவைக்கு மட்டும். ரவிக்கைத் துண்டு வேறு நூல்.

எழுத்துத் தெரியாத காலத்தில் செய்யாத தப்பு.

எஸ்தரிடம் சொல்லவில்லை. தலையணைக்கு அடியில் வைத்தேன்.

பிப்ரவரி 5, புதன்

சுளீர் வெயில். உள்ளங்கையில் கொப்புளம்.

எஸ்தர் வேலை முடிந்து வந்தாள். ரவிக்கையை எடுத்துக் காட்டினேன்.

"ஐயோ நைனா, இன்னாது இது? கைய சுட்டுகினியா?"

என் உள்ளங்கையைத்தான் முதலில் பார்த்தாள்.

"பொடவைல உள்ள சொருகற பக்கம் கொஞ்சம் வெட்டி ஒட்டு போட்டுடறேம்மா. தெரியாது."

"புதுப் பொடவையயா வெட்டுவ? எவ்ளோ போச்சு?"

"நாலு அங்குலம்."

"அப்ப ஆறு இருக்குல்ல. ரெண்டு கையும் ஆறு வை."

"அது தெரியுமே."

ரவிக்கையை மடியில் போட்டு, கருகிய இடத்தை நகத்தால் சுரண்டினாள்.

"அன்னிக்கு மெஷின நிறுத்தி என் கைய வெளிய எடுத்தது யாருன்னு நெனச்ச? சாமுவேலுதான். அவரு பாக்காததா?"

இரண்டு வருஷம். இதை என்னிடம் சொன்னதில்லை.

"சர்ச்சுல எல்லாரும் பாப்பாங்க."

"பிரியாணிக்கு வர்றவன் எலைய பாக்கட்டும்."

டீக்கடைப் பேச்சு அவள் காதுக்கும் போயிருக்கிறது.

இரண்டு கையும் ஆறாக வெட்டினேன். மெழுகுவர்த்தி இல்லை. இரண்டு மடிப்பு, கைத்தையல். சலோமி மாதிரி, மேல் துணியில் ஒரே ஒரு நூலைத் தொட்டு. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் விரலால் தடவி. நாலு முறை ஊசி குத்தியது. ரத்தம் துணியில் படவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

விடியலில் நல்ல பனி.

இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு வந்தாள். கை ஓரத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள். அம்மாவைப் போலவே ஒரு கண்ணை மூடிக்கொண்டு.

"ஒரு பிசிறு இல்ல நைனா."

தழும்பு தெரிகிறது. முந்தானையை இழுத்து மூடவில்லை.

ஆட்டோக்காரன் ஹாரன் அடிக்கிறான். என் சட்டையில் மேல் பொத்தானைக் காணோம்.