நலங்கு வைக்காத கை

உன் மகளுக்கு நலங்கு வைக்க உன்னை விடவில்லை, தங்கச்சி. அது அநியாயம். இத்தனை வருடம் கழித்தும் அதற்கு வேறு பெயர் சொல்ல மாட்டேன்.

இன்று காலை பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் மஞ்சளும் சந்தனமும் குழைத்த வாசம். நாளை உன் பேத்திக்கு நலங்கு. நீ போன பிறகு இந்த வீட்டில் நடக்கும் முதல் கல்யாணம்.

உன் முகத்தில் ஒரு புள்ளிகூடக் கிடையாது. கையிலும் முழங்காலிலும் முதுகிலும்தான் வெள்ளை படர்ந்தது. நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய கார்போக அரிசியை அரைத்துப் பூசிக்கொண்டு, துணிக் கம்பிக்குக் கீழே வெயிலில் கையை நீட்டி உட்கார்ந்திருப்பாய். கொப்புளம்தான் வந்தது. நிறம் வரவில்லை. அதன் பிறகு நீளக் கை ரவிக்கைதான்.

கிள்ளானில் உன் மகளின் நலங்கு அன்று, சந்தனம் படாமலிருக்க ரவிக்கைக் கையை மடித்தாய். காப்பாரிலிருந்து வந்த சம்பந்தியம்மா பார்த்துவிட்டார்.

"நீங்க உக்காருங்க சம்பந்தி. வேற யாராச்சும் வைக்கட்டும். புள்ள குட்டி பொறக்கப்போற வீடு லா."

"அது குஷ்டம் இல்லம்மா. தொத்தாது. டாக்டரே சொல்லிட்டாரு" என்றேன்.

"அப்ப டாக்டரையே வந்து நலங்கு வைக்கச் சொல்லுங்க அண்ணே!"

கூடமே சிரித்தது. அந்த வியாதியைப் பற்றி அகப்பட்டதையெல்லாம் தேடிப் படித்து வைத்திருந்தவன் நான். ஒரு வரிகூட அங்கே உதவவில்லை. மேலே பேசப்போன என் கையை நீ இறுக்கிப் பிடித்தாய்.

"கல்யாணம் நின்னுட்டா நீ நடத்தி வைப்பியா, அண்ணே?"

பிறகு அவர்களிடம், கை வலிக்கிறது, நீங்களே வையுங்கள் என்றாய். சுவரோரம் உட்கார்ந்து மகளையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

இப்போது உன் மகளின் முழங்கையிலும் வெள்ளை தெரிகிறது. நேற்று அவளிடம் பேசிப் பார்த்தேன்.

"விடுங்க மாமா, பிரச்சினை வேணாம் லா. பொண்ணோட சின்னம்மா வைக்கட்டும்" என்று ரவிக்கைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள். உன் குரலேதான். கிழவன் பேச்சை யார் கேட்கிறார்கள்? கேட்கக்கூடியவள் நீ ஒருத்தி, நீயும் இல்லை.

இருந்தாலும் சொல்லி வைக்கிறேன். நாளை முதல் நலங்கை உன் மகள் வைக்க வேண்டும், ரவிக்கைக் கையை மடித்துக்கொண்டு. உன் பேத்தி தலை குனிந்திராமல் "அம்மா, வா" என்று கூப்பிட வேண்டும். மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் வாசலிலேயே நின்றுவிடாமல் கூடத்துக்குள் வந்து பார்க்க வேண்டும். காப்பார் சம்பந்தியம்மா இன்னும் திடமாகத்தான் இருக்கிறார். அவர் எழுந்து வந்து, உன் மகள் கையால் சந்தனம் வாங்கித் தன் நெற்றியில் வைத்துக்கொள்ள வேண்டும்.