உன் நாற்காலிக்கு நான் போட்ட விண்ணப்பம்

இன்று காலை ஆய்வகத்தில், சாப்பாட்டுக் கழிவைச் செரிக்க வைக்கிற கலனின் மூடியைத் திறந்ததும் அந்தப் புளித்த வாடை மூக்கில் ஏறியது. சிராங்கூன் சாலைச் சாப்பாட்டுக் கடைகளிலிருந்து வந்த நேற்றைய ரசம், மிஞ்சிய சோறு, கசங்கிய வாழையிலை, யாரோ பாதியில் வைத்துவிட்டுப் போன மீன் குழம்பு எல்லாம் சேர்ந்து ஊறிய வாடை. மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள். நீ மட்டும் குனிந்து மோந்து பார்த்து, "நல்லா செரிக்குதுடி, இன்னைக்கு கேஸ் நிறைய வரும்" என்பாய். சொன்ன மாதிரியே வரும். அதைக்கூட என்னால் பொறுத்துக்கொள்ள முடிந்ததில்லை.

உனக்கு ஒரு செய்தி. உன் இடத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். நேற்று அந்த நேர்காணலுக்குப் போய்விட்டு வந்தேன்.

முதல் விளம்பரம் வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? அப்போது நாம் ஜாலான் புசாரில் ஓர் இரும்புக்கடைக்கு மேல் அறை எடுத்துத் தங்கியிருந்தோம். ஒரே ஆய்வகத்தில் முனைவர் பட்டம் முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் இருந்த நேரம். பருவநிலை, உயிரிப் பொருளாதாரம், புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்று மூன்று துறைகளையும் ஒரே மூச்சில் சொல்லி, கடைசியில் பார்த்தால் ஒரே ஓர் உதவிப் பேராசிரியர் இடம். சாப்பாட்டுக் கழிவிலிருந்து எரிவாயு எடுக்கிற நம் இருவரையும் மனதில் வைத்தே எழுதியது போலிருந்தது. "ஒண்ணு நீ, இல்ல நான். வேற எவளாவது வந்தா விடக்கூடாது" என்றாய். நானும் பெரிய மனுஷி மாதிரி தலையாட்டினேன்.

வேலை கேட்டு வருகிறவர் முதலில் துறையில் எல்லார் முன்னாலும் தன் ஆய்வைப் பற்றிப் பேச வேண்டும். அப்புறம் தேர்வுக் குழு தனி அறையில் உட்கார வைத்துக் குடையும். நாம் ஒருவருக்கொருவர் தேர்வுக் குழுவாக நடித்தோம். கட்டிலில் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டு நீ கேட்ட கேள்விகளில் எனக்கு அழுகையே வந்திருக்கிறது. நானும் உன்னை விட்டுவைக்கவில்லை.

அப்போது நாம் பேசி வைத்துக்கொண்டது ஒன்று உண்டு. தீபாவளி விஷயத்தை இருவரும் வாயே திறக்கக் கூடாது. சும்மா கிடைக்கிறதே என்று பலகாரக் கடைகளில் மிஞ்சிய எண்ணெய், உடைந்த முறுக்கு, நமுத்துப்போன அதிரசம் எல்லாவற்றையும் ஒரே நாளில் கலனுக்குள் கொட்டினோமே, அந்தக் கூத்து. அத்தனை எண்ணெயை உள்ளே இருந்த நுண்ணுயிர்கள் தாங்கவில்லை. கலன் புளித்து, நுரை பொங்கி, மூடியைத் தாண்டித் தரையெல்லாம் ஓடியது. ஆய்வக அதிகாரி சரோஜா அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார். "என்னா பண்ணீங்க ரெண்டு பேரும்? லிஃப்ட் வரைக்கும் நாறுது லா!" அதற்குப் பிறகு அதைப் பட்டினி போட்டுத்தான் பிழைக்க வைத்தோம்.

என் உரையில் அந்தப் பேச்சே இல்லை. வழவழவென்று ஏறிப்போகும் வரைபடங்கள் மட்டும். மறுநாள் நீ பேசினாய். முடிந்த கையோடு சரோஜா அக்கா என்னிடம் வந்து, "உங்க ஃபிரெண்ட் செம லா! எங்க டேங்குக்கு தீபாவளி அஜீரணம்னு ஆரம்பிச்சா பாருங்க, டீனே சிரிச்சுட்டாங்க" என்றார். அந்தச் சொதப்பலை வைத்தே, ஒரு கலன் எவ்வளவு எண்ணெயைத் தாங்கும் என்ற கணக்கை அவர்கள் முன்னால் விரித்திருக்கிறாய். நம் இருவரின் அசிங்கம் உன் ஒருத்தியின் வெற்றியாகிவிட்டது. என்ன நெஞ்சழுத்தம் உனக்கு!

வேலை உனக்குக் கிடைத்தது. தேக்கா சந்தையில் பிரியாணி வாங்கித் தந்தாய். நான் சோற்றைக் கிளறிக்கொண்டே இருந்தேன்.

"கோபமா?"

"சீ, போடி. சந்தோஷம்தான்."

"பொய் சொல்றே. உன் மூக்கு விடைக்குது." ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுச் சொன்னாய்: "என் லேபுக்கே வந்துடு. தூரத்துல இருந்து பொறாமைப்படறதுக்கு, பக்கத்துல இருந்து படு."

வந்தேன். உன் மானியப் பணத்தில், ஒப்பந்த ஆய்வாளராக. கூட்டங்களில் மற்றவர்களோடு சேர்ந்து நானும் உன்னை 'ப்ரொஃப்' என்றேன். கதவில் உன் பெயரைப் பார்த்தால் வயிறு எரியும். உன் ஜன்னலுக்கு வெளியே ஒரு மழைமரம் நின்றது. எனக்கு ஜன்னலே இல்லை. புக்கிட் பாஞ்சாங்கில் நீ வீடு வாங்கிப் பால் காய்ச்சினாய். பாலை நன்றாகக் குடித்துவிட்டு, பேருந்தில் திரும்பும்போது உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். உன் மாணவர்கள் உன்னைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். என்னிடம் பேனா இரவல் கேட்க வருவார்கள்.

நீ நோயில் படுத்தபோது இதெல்லாம் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். தீரவில்லை. மருத்துவமனையில் உன்னைப் பார்க்க வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். உன் நினைவுக் கூட்டத்தில் உட்கார இடமில்லை. பின்சுவரில் சாய்ந்து நின்றபடி, எனக்கு இத்தனை பேர் வருவார்களா என்று யோசித்தேன். அந்த இடத்திலுமா என்று கேட்காதே. அந்த இடத்திலும்தான். வெட்கமாக இருந்தது, ஆனாலும் பொறாமை வந்தது. ஒரு தடவையாவது உன்னை ஜெயிக்க விட்டிருக்கலாம் நீ.

உன் மானியம் முடிகிறபோது என் ஒப்பந்தமும் முடிகிறது. வேலை இல்லையென்றால் இங்கே தங்கும் அனுமதியும் இல்லை, ஊருக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான். விளம்பரம் வந்ததும் சரோஜா அக்காதான் விரட்டினார். "அப்ளை பண்ணுங்க லா. உங்க ஃபிரெண்ட் என்ன, வேணாம்னா சொல்லப் போறாங்க?" எனக்கு அது அவ்வளவு நிச்சயமாகத் தெரியவில்லை. எனக்கு முன்னால் நேர்காணலுக்கு வந்தவன் ஐரோப்பாவிலிருந்து வந்த சின்னப் பையன். அறையைச் சுற்றிக் காட்டியபோது உன் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். அவன் மேலும் எரிச்சல் வந்தது, ஆனால் அது வெறும் எரிச்சல்தான். உன் அளவுக்கு அவன் வரவில்லை.

உரை நன்றாகவே போயிற்று. தீபாவளிக் கதையை நான் சொல்லவில்லை, அது உன்னுடையதாகிவிட்டது. கலனில் கடைசியாக மிஞ்சும் சக்கையைக் கட்டட மாடித் தோட்டங்களுக்கு எருவாக்குகிற என் வேலையைத்தான் சொன்னேன்.

அப்புறம் தனி அறை. டீன் கேட்டார்: "இந்தத் துறையில் உங்களைவிடச் சிறந்தவர் யார்? அவரை விட்டுவிட்டு நாங்கள் உங்களை ஏன் எடுக்க வேண்டும்?" எல்லா நேர்காணலிலும் வருகிற கேள்விதான். எங்கோ தூர தேசத்தில் ஓய்வு பெறப்போகிற, இந்த வேலைக்கு வரவே வராத ஒரு கிழவரின் பெயரைச் சொல்லித் தப்பிக்க வேண்டும். நானும் ஒரு கிழவரைத் தயாராக வைத்திருந்தேன். வாயைத் திறந்தால் உன் பெயர் வந்தது.

வந்தது நிற்கவில்லை. தோற்றுப்போன சோதனையில் அவள் எதைப் பார்ப்பாள், மாணவர்களிடம் எப்படிக் கேட்பாள், எங்கே என்னை மிஞ்சுவாள், எங்கே அவசரப்பட்டுக் கோட்டை விடுவாள், அங்கே நான் எப்படி நிதானமாக நிற்பேன் என்று தங்கு தடையில்லாமல் சொன்னேன். இத்தனை வருடம் வயிறெரிந்து எரிந்து உன்னை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

டீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மெதுவாக, "இப்போது இருப்பவர்களில் யார்?" என்றார்.

யோசித்தேன். அந்தக் கிழவரைச் சொல்லியிருக்கலாம். "அப்படி யாரும் இல்லை" என்றேன். குழுவில் ஒருவர் ஏதோ குறித்துக்கொண்டார். தலைக்கனம் என்று எழுதியிருப்பார்.

முடிவு இன்னும் வரவில்லை. கிடைத்தால் கதவில் என் பெயரை மாட்டுவார்கள். பார்த்து மூக்கு விடைக்க நீ இருக்க மாட்டாய். இந்தப் பொறாமையை வைத்துக்கொண்டு நான் இனி என்ன செய்ய? வேறு யார்மேலும் அது ஒட்டமாட்டேன் என்கிறது. வாடி. வந்து இந்த வேலையை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போ.