திருமஞ்சனப் பால்

குகட்பள்ளி
ஜூலை 7

ஜெயந்துக்கு,

போனை எடுத்தால் கத்திவிடுவேன். அதனால்தான் அண்ணா வீட்டிலிருந்து எழுதி அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். அபிக்கு உதட்டு வீக்கம் வடிந்துவிட்டது, மூச்சிரைப்பும் இல்லை. ஆனாலும் அவன் தூங்கும்போதெல்லாம் மூக்கருகே கை வைத்துப் பார்க்கிறேன்.

பசும்பால் துளிகூடக் கூடாது, இந்த ஸ்பெஷல் பவுடர் மட்டும்தான் என்று டாக்டர் சொன்னபோது நீங்களும்தானே தலையாட்டினீர்கள்? ஜீடிமெட்லா மருந்துக் கம்பெனியில் முந்தின மருந்தின் தூள் பொட்டளவு ஒட்டியிருந்தாலும் மிஷினை ஓடவிடாத மனுஷன், கோயிலில் சொந்தப் பிள்ளை நாக்கில் திருமஞ்சனப் பாலைத் தொட்டு வைக்கிறீர்கள்! ஊருக்குத்தான் உபதேசம்.

இருபதாம் தேதி நான் வேலைக்குத் திரும்பணும். உங்களை நம்பி எப்படி விட்டுப் போவது?

மாதங்கி

ஏ.எஸ்.ராவ் நகர்
ஜூலை 9

அன்புள்ள மாதுவுக்கு,

நீ திட்டினது அத்தனையும் எனக்குத் தகும். பெரியப்பா பெருமாள் பிரசாதம் என்று நீட்டினார். அது பால் என்றே என் புத்தியில் ஏறவில்லை. தினம் அந்தக் கசப்புப் பவுடரையே குடிக்கிற பிள்ளைக்கு ஒரு சொட்டு நல்லதாகக் கொடுப்போமே என்று கை தானாக நீண்டுவிட்டது.

வீட்டில் பால் பாக்கெட்டை நிறுத்திவிட்டேன். அபியை ஒரு தடவை பார்க்க விடேன்.

ஜெயந்த்

ஏ.எஸ்.ராவ் நகர்
ஜூலை 15

மாது,

நீ பதில் போடவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். நேற்று பெரியப்பா வெள்ளிக் கிண்ணத்தில் பாலோடு வந்தார். "எல்லாம் திருஷ்டிடா. இதைக் கொண்டுபோய் அவன் நாக்கில் வை, சரியாயிடும்" என்றார். வாசலிலேயே நிறுத்தினேன்.

"பெருமாள் பாலையா வேண்டாங்கறே?"

"பெருமாளுக்கு நமஸ்காரம், பெரியப்பா. பால் உள்ளே வரக்கூடாது."

அப்பா போனபின் என்னைப் படிக்கவைத்தவர். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். என் போனையும் எடுக்க மாட்டேனென்கிறார்.

ஜெயந்த்

குகட்பள்ளி
ஜூலை 18

ஜெயந்துக்கு,

உங்கள் பெரியப்பா எனக்குப் போன் செய்தார். "உன் ஆம்படையான் என்னை வாசலோட அனுப்பிட்டான்" என்று அரைமணி நேரம் உங்களைத் திட்டித் தீர்த்தார். அவர் திட்டத் திட்டத்தான் எனக்கு மூச்சே வந்தது.

இருபதாம் தேதி காலையில் அபியைக் கொண்டுவருகிறேன். லீவு சொல்லிவிடுங்கள். மன்னித்துவிட்டேன் என்று எழுத இன்னும் கை வரவில்லை. பிள்ளையை உங்கள் கையில் தருகிறேன்.

பவுடர் டின்னின் அடிக்கு வந்துவிட்டது. புதுசு வாங்கி வையுங்கள்.

மாது