சளிக்கு ஏழு நாள்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் சர்க்கரையும் அம்மாவின் முழங்கால் வலியும் சொன்ன பேச்சைக் கேட்கின்றனவா? போனில் சொன்னால் உடனே கொல்லிமலைக்கு பஸ் ஏறிவிடுவீர்கள், அதனால் கடிதம். எனக்குச் சளி பிடித்தது, அவ்வளவுதான்.

"வெறும் சளிக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது, ஏழு நாளில் தானாகப் போகும்" என்று சொல்லி, போன மாதம் எதிர்த் தோட்டத்து ரஞ்சிதா அக்காவை ஊசி போடாமல் திருப்பி அனுப்பிய டாக்டர் நான்தான். ஆனால் இரண்டாம் நாளே மூக்கடைப்பு தாங்காமல், நீங்கள் பெட்டியில் திணித்த ஆன்டிபயாடிக் அட்டையைக் கையில் எடுத்துவிட்டேன். வாசலில் அந்த அக்கா!

"ஏனுங்க டாக்டரம்மா, எனக்கு மட்டும் ஏழு நாளு, உங்களுக்கு ரெண்டே நாளுங்களா?"

அட்டையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். தினமும் மிளகு ரசத்தோடு வந்து, "இன்னைக்கு நாலுங்க, இன்னைக்கு அஞ்சுங்க" என்று எண்ணினார். ஏழாம் நாள் சளி போயிற்று. அட்டையும் ஒரு மாத்திரை குறையாமல் திரும்பி வந்தது.

இனி மாத்திரை வேண்டாம். குரங்குக் குல்லாயும் அம்மா அரைத்த பருப்புப் பொடியும் அனுப்புங்கள். வெளியே நோயாளிகள் காத்திருக்கிறார்கள், முடிக்கிறேன்.

இன்று எட்டாம் நாள். அக்கா வரவில்லை. அவர் தோட்டத்தைப் பார்த்து இரண்டு முறை சத்தமாக இருமிப் பார்த்தேன்.

உங்கள்
பூங்குழலி